ஓட்டமும் ஒழுங்கும்: துண்டப் பல்பகுதியங்களிற் கொய்வு விளைக்கும் மாற்றங்கள்

மகாவலி கங்கை நாவலப்பிட்டியைக் கடந்து கம்பளைக்கும் பேராதனைக்கும் செல்லும் வழியில், அதன் நீர் எவ்விடத்தும் ஒரே வேகத்துடன் ஓடுவதில்லை. நடுவாற்றில் விரைந்து செல்லும் நீர், கரையை நெருங்க நெருங்க வேகங் குன்றிக் கரையைத் தொடுமிடத்தில் நின்றுவிட்டது போலாகின்றது. கரையோரத்தில் ஆற்றுக்குக் குறுக்காக ஒரு மூங்கிற் குச்சி விழுமாயின், அதன் ஒரு முனை விரைந்த நீரிலும் மறுமுனை மெல்லிய நீரிலும் அகப்படும். அதனால் அது திரும்பி, ஓட்டத்தின் திசையிலேயே பெரும்பொழுதும் நீண்டு கிடக்கும். குச்சியைத் திருப்பியது நீரின் வேகமன்று. அடுத்தடுத்து ஓடும் நீரடுக்குகளின் வேக வேறுபாடே. ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மீது வழுக்கிச் செல்லும் இத்தகைய ஓட்டத்தைப் பௌதிகவியலார் கொய்வோட்டம் என வழங்குவர். அடுக்குக்கு அடுக்கு வேகம் மாறும் வீதம் வேகப் படித்திறன் எனப்படும்.

குச்சியின் கதை எளிது. ஆனால், கண்ணுக்குப் புலனாகாத கோடிக்கணக்கான நுண்கோல்களையும் நுண்தகடுகளையும் தன்னுள்ளே தானே அமைத்துக்கொள்ளும் ஒரு பொருள் இவ்வாறான ஓட்டத்தில் அகப்படின் யாது நிகழும்? அக்கோல்கள் திரும்புமா, உடையுமா, கரைந்து மறையுமா, அன்றி முன்னிலும் செவ்விய ஒழுங்கினைப் பெறுமா? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஞ்ஞானிகளின் கருத்தை ஈர்த்த இவ்வினா, இறப்பர் விளையும் இலங்கைக்கு அயலானதன்று. அணியும் பாதரட்சையின் அடித்தோலிலிருந்து வீதியிற் பரவும் தார்வரை பல பொருள்களின் உறுதி இவ்வினாவின் விடையையே சார்ந்துள்ளது.

இறப்பரும் உருளைகளும்

ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் வரலாறு இத்தீவோடு நெருங்கிய தொடர்புடையது. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 வித்துக்களை இங்கிலாந்தின் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. அந்நாற்றுக்களுள் 1,919 அதே ஆண்டில் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1821 இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவின் மேற்பார்வையில், அவற்றுட் பெரும்பாலானவை கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. நாவலப்பிட்டியைச் சூழ்ந்த மலைகள் தேயிலைக்கு உரியனவாக, அவற்றின் கீழே மேற்கு நோக்கித் தாழும் சரிவுகளும் சமநிலங்களும் இறப்பருக்கு உரியனவாயின.

இலங்கை பெயர் பெற்ற கிறேப் இறப்பரைச் செய்யும் தொழிற்சாலையிற் கொய்வைக் கண்ணாரக் காணலாம். அமிலமிட்டு உறையச் செய்த இறப்பர்ப் பால், வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரண்டு இரும்புருளைகளுக்கு இடையே செலுத்தப்படுகின்றது. ஓர் உருளை விரைந்தும் மற்றது மெதுவாகவும் சுழல்வதால், இடையில் அகப்பட்ட இறப்பர் வெறுமனே நசுங்குவதோடமையாது இழுபட்டுக் கிழிந்து, நீராற் கழுவப்பெற்று, மீண்டும் ஒட்டிச் சுருக்கங்கள் நிறைந்த தாளாக வெளிவருகின்றது. இரு உருளைகளும் சமவேகத்திற் சுழன்றால் இவ்விளைவு உண்டாகாது. வேக வேறுபாடே இங்கும் தொழில் செய்கின்றது.

இறப்பரின்மீது கொய்வின் வலிமையை முதன்முதலிற் பயன்கொண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தோமஸ் ஹான்கொக் ஆவர். 1820 ஆம் ஆண்டில் அவர் அமைத்த பொறியொன்று இறப்பர்த் துண்டுகளை அரைத்துப் பிசைந்து, வேண்டிய உருவத்துக்கு இசையும் மென்மையான திரளாக்கியது. அஃது ஏன் மென்மையாயிற்று என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. இறப்பர் என்பது ஐசோப்பிரீன் என்னும் சிறு அலகுகள் பல்லாயிரம் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலானது. இத்தகைய சங்கிலிகளைப் பல்பகுதியங்கள் என்பர். அவை உண்மையாகவே நெடுஞ்சங்கிலிகள் என்பதை 1920 ஆம் ஆண்டுமுதல் வலியுறுத்தியவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்ரௌடிங்கர். அதற்காக அவர் 1953 இல் நோபல் பரிசு பெற்றார். குளிர்ந்த இறப்பரைப் பிசையுங்கால், ஒன்றோடொன்று சிக்குண்ட சங்கிலிகள் இருபுறமும் இழுக்கப்பட்டு, நடுவே அறுந்துவிடுகின்றன. அறுந்த முனைகளைக் காற்றிலுள்ள ஒட்சிசன் பற்றிக்கொள்வதால் அவை மீண்டும் இணைவதில்லை. சங்கிலி குறுகக் குறுக இறப்பர் இளகுகின்றது.

1950களின் நடுப்பகுதியில் பிரித்தானிய இறப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த வாற்சன் முதலிய விஞ்ஞானிகள் இதனையே வேறொரு வகையாற் பயன்படுத்தினர். ஒட்சிசனை விலக்கி, அதற்குப் பதிலாக வேறொரு திரவ ஒருபகுதியத்தை இறப்பரோடு சேர்த்துப் பிசைந்தனர். அறுந்த இறப்பர் முனைகளிலிருந்து அவ்வொருபகுதியம் புதிய சங்கிலியாக வளர்ந்தது. ஒரு பாதி இயற்கை இறப்பராகவும் மறுபாதி செயற்கைப் பொருளாகவும் அமைந்த மூலக்கூறுகள் இவ்வாறு தோன்றின. கொய்வின் கையே இறப்பர்ச் சங்கிலியை அறுத்தது. அதே கொய்வு புதியதொரு வகைப் பொருளுக்கும் வழி திறந்தது. அவ்வகைப் பொருளே துண்டப் பல்பகுதியம்.

பிரியவும் முடியாமல், கலக்கவும் முடியாமல்

ஒரே சங்கிலியில் ஒருவகை அலகுகளாலான நீண்ட துண்டமும், அதன் முனையிற் பிறிதொரு வகை அலகுகளாலான துண்டமும் பிணைக்கப்பட்டிருப்பின், அதனைத் துண்டப் பல்பகுதியம் என்பர். 1956 ஆம் ஆண்டில் மைக்கேல் சுவார்க் என்பார் வளர்ச்சி முடிவுறாத ‘உயிருள்ள’ பல்பகுதியச் சங்கிலிகளை ஆக்கும் முறையை வெளியிட்டபின், விரும்பிய நீளத்தில் விரும்பிய துண்டங்களைக் கோத்தல் எளிதாயிற்று. 1965 ஆம் ஆண்டில் ஷெல் நிறுவனம் இவ்வகைப் பொருளொன்றைச் சந்தைக்குக் கொணர்ந்தது. நடுவே பியூற்றாடையீன் என்னும் இறப்பர்த் துண்டமும், இரு முனைகளிலும் ஸ்டைரீன் என்னும் விறைத்த துண்டங்களும் கொண்டது அது.

எண்ணெயும் நீரும் போல, பெரும்பாலான இருவகைப் பல்பகுதியங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. தனித்தனிச் சங்கிலிகளாயின் அவை இரண்டு பெரும் படைகளாகப் பிரிந்து நிற்கும். துண்டப் பல்பகுதியத்திலோ இருவகைத் துண்டங்களும் ஒரே சங்கிலியிற் பிணைபட்டுள்ளன. எதிரெதிர்த் திசையிற் செல்ல விழையும் இரண்டு எருதுகளை ஒரே நுகத்திற் பூட்டியது போன்ற நிலைமை இது. முற்றாகப் பிரியவும் இயலாது, கலந்து நிற்கவும் மனமின்றி, அவை தம் சங்கிலியின் நீளத்துக்கு இசைந்த அளவில் மட்டும் பிரிகின்றன. அதனால் உண்டாகும் நுண்பகுதிகளின் பருமன் பொதுவாகப் பத்து முதல் ஐம்பது நனோமீற்றர்வரை இருக்கும். ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்கு.

அந்நுண்பகுதிகளின் உருவத்தை முதன்மையாக வகுப்பது இரு துண்டங்களின் விகிதமாகும். ஒன்று மிகக் குறைவாயின் அது சிறு கோளங்களாக மற்றதன் நடுவே பரவி நிற்கும். சற்று மிகுமாயின் நீண்ட கோல்களாகி, தேன்கூட்டின் அறைகள் போல் அறுகோண ஒழுங்கில் அடுக்கப்படும். இரண்டும் ஏறக்குறையச் சமமாயின் தகடுகளாகி, ஒன்று விட்டு ஒன்றாக அடுக்குண்டு நிற்கும். கோலுக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட குறுகிய விகிதத்தில் முப்பரிமாண வலையுருவமும் தோன்றுவதுண்டு. சங்கிலி நீளும்தோறும், துண்டங்களின் ஒவ்வாமை மிகுந்தோறும் இவ்வொழுங்கு வலுப்பெறும். வெப்பநிலை உயர்ந்தால் ஒவ்வாமை தணிந்து, ஓர் எல்லைக்கு மேல் எல்லாம் கலந்து ஒழுங்கற்ற உருகலாகிவிடும். துண்டங்கள் சமமாயுள்ளபோது, ஒவ்வாமையின் அளவையும் சங்கிலியின் நீளத்தையும் பெருக்கி வரும் எண் 10.5 ஐத் தாண்டுமிடத்து ஒழுங்கு பிறக்கும் என 1980 ஆம் ஆண்டில் லூத்விக் லைப்ளர் கணித்துக் காட்டினார்.

பாதரட்சைக்கு உதவும் ஸ்டைரீன்–பியூற்றாடையீன் பொருளின் சிறப்பும் இவ்வமைப்பிலேயே தங்கியுள்ளது. ஸ்டைரீன் பகுதிகள் ஏறத்தாழ 100 பாகை சதமம் வரை கண்ணாடி போல் விறைத்து நின்று, இறப்பர்ச் சங்கிலிகளை முடிச்சிட்டாற்போலக் கட்டிப்பிடிக்கின்றன. சாதாரண இறப்பருக்குக் கந்தகமிட்டு வெப்பமேற்றி உண்டாக்கும் பிணைப்பின் தொழிலை இங்கே இவை செய்கின்றன. கந்தகப் பிணைப்பு மீளாதது. இம்முடிச்சுக்களோ வெப்பமேற்றின் இளகும், குளிர்ந்தால் மீண்டும் இறுகும். ஆகவே இப்பொருளை உருக்கி அச்சில் வார்க்கலாம். கழிவை மறுபடியும் உருக்கலாம். ஆனால் உருக்கி வார்த்தல் என்பது ஓட்டமின்றி நிகழாது. குழாயினூடும் அச்சினூடும் பாயும் ஒவ்வொரு முறையும் அப்பொருள் கொய்வுக்கு உட்படுகின்றது. இங்கேதான் வினா பிறக்கின்றது.

சிதறிய திட்டுக்கள் ஒன்றாதல்

ஓட்டமின்றி அமைதியாகக் குளிர்ந்த துண்டப் பல்பகுதியத்தில், அதன் கோல்கள் யாவும் ஒரே திசையை நோக்கி நிற்பதில்லை. நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் புகைவண்டியிலிருந்து தேயிலை மலைகளை நோக்குவோர் இதற்கு ஓர் ஒப்புமை காண்பர். ஒவ்வொரு சரிவிலும் செடிகளின் நிரைகள் செவ்வனே ஒழுங்குபட்டுள்ளன. ஆயினும் ஒரு சரிவின் நிரைகள் ஒரு பக்கமாகவும் அடுத்த சரிவின் நிரைகள் மற்றொரு பக்கமாகவும் செல்கின்றன. அவ்வாறே பல்பகுதியத்தினுள்ளும் சிறு சிறு திட்டுக்கள் உள. திட்டுக்குள் ஒழுங்கு உண்டு. திட்டுக்கும் திட்டுக்கும் இடையே இல்லை. முழுப் பொருளையும் நோக்கின், எல்லாத் திசையிலும் ஒரே இயல்புடையதாகவே தோன்றும்.

1970 ஆம் ஆண்டில் பிறிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்றூ கெலரும் அவருடன் உழைத்தோரும் ஸ்டைரீன்–பியூற்றாடையீன்–ஸ்டைரீன் பொருளை உருக்கி, நீண்ட குழாயினூடே செலுத்தி வெளியேற்றினர். கெலர், பொலியெதிலீன் பளிங்குகளிற் சங்கிலிகள் மடிந்து அடுக்குண்டிருத்தலை 1957 இற் கண்டுணர்ந்தவருள் ஒருவர். குழாயிலிருந்து வெளிவந்த தண்டை எக்ஸ்-கதிர்களாலும் இலத்திரன் நுணுக்குக்காட்டியாலும் ஆராய்ந்தபோது வியத்தகு காட்சி புலப்பட்டது. ஸ்டைரீன் கோல்கள் யாவும் பாய்ச்சற் றிசையிலேயே நீண்டு, குறுக்குவெட்டில் அறுகோண ஒழுங்கோடு, தண்டு முழுவதும் ஒரே பளிங்கு எனத்தக்க நிலையில் நின்றன. மலைச் சரிவுகள் யாவும் ஒரே வெளியாகி, எல்லா நிரைகளும் ஒரே திசையிற் சென்றாற் போன்றது இது.

அத்தண்டின் இயல்பும் மாறியிருந்தது. கோல்களின் நீளத்திசையில் இழுத்தபோது அது பிளாத்திக்குப் போல் விறைத்து நின்றது. குறுக்குத் திசையில் இழுத்தபோது இறப்பர் போல் இளகி நீண்டது. மூலப்பொருளில் யாதொரு மாற்றமும் இல்லை. ஓர் அணுவேனும் கூட்டப்படவுமில்லை, குறைக்கப்படவுமில்லை. பாய்ந்த விதம் ஒன்றே இரண்டு பொருள்களை ஒன்றினுள் ஆக்கிற்று. இதனை அடுத்து, 1979 இல் பிரான்சின் ஸ்ராஸ்பேர்க் நகர ஆய்வாளர்கள், தட்டுக்களிடையே பொருளை இட்டு முன்னும் பின்னுமாகக் கொய்தும் இத்தகைய ஒற்றைப் பளிங்கமைப்பைப் பெற்றனர். ஒரே திசையில் இடைவிடாது பாயச்செய்தலினும், இவ்வலைவு முறை பரிசோதனைக்குப் பெரிதும் ஏற்றதாயிற்று. வேகம், வீச்சு, வெப்பநிலை என்னும் மூன்றையும் வேண்டியவாறு மாற்ற அது இடமளித்தது.

மூன்று வழி, ஒரு தடை

கோல்களுக்கு ஓட்டத் திசை ஒன்றே இயல்பான திசையாகும். தகடுகளின் நிலைமையோ சிக்கலானது. நூலகத்தின் தட்டொன்றில் அடுக்கிய நூல்களைக் கொண்டு இதனை விளக்கலாம். கீழ்த்தட்டு அசையாது நிற்க, நூல்களின் மேல் ஒரு பலகையை அழுத்தி நகர்த்துவதாகக் கொள்க.

நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்கப்பட்டிருந்தால், பலகையை எப்பக்கம் நகர்த்தினும் அவை ஒன்றன்மேலொன்று வழுக்கும்; நூலுக்கு ஊறில்லை. இதுவே சமாந்தர நிலை. நூல்கள் நிமிர்த்தி அடுக்கப்பட்டிருக்க, பலகை நூற்றாள்களின் போக்கிலேயே முன்னும் பின்னும் நகருமாயின், ஒவ்வொரு நூலும் தன் தளத்துள்ளேயே சரியும். அடுத்த நூலின்மேல் விழாது. இது செங்குத்து நிலை. அவ்வாறே நிமிர்ந்து நிற்கும் நூல்களின்மேற் பலகை இடமும் வலமுமாக நகருமாயின், நூல்கள் யாவும் சரிந்து ஒன்றன்மேலொன்று விழும். இது குறுக்கு நிலை. பல்பகுதியத் தகடுகள் குறுக்கு நிலையிற் கொய்யப்படும்போது, அவை சாயச்சாய அவற்றின் இடைவெளி ஒடுங்குகின்றது. தமக்கு இயல்பான இடைவெளியைத் தகடுகள் விட்டுக்கொடா. ஆதலின் அவை நெளிந்து உடைகின்றன. எனவே தொடர்ந்த கொய்வில் இந்நிலை பெரும்பாலும் நிலைபெறுவதில்லை.

எஞ்சியவை இரண்டு. அவற்றுள் எது வெல்லும் என்பதே ஆய்வாளரை நெடுங்காலம் மயக்கிய வினா. 1992 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொப்பி, ரிறெல், பேற்ஸ் முதலியோர், இருவகைப் பொலியொலிபீன் துண்டங்களாலான பொருளை ஒழுங்கு குலையும் வெப்பநிலைக்கு அண்மையில் வைத்து அலைவுக் கொய்வுக்கு உட்படுத்தினர். மெதுவான அலைவிலே தகடுகள் சமாந்தரமாகவும், விரைவான அலைவிலே செங்குத்தாகவும் நின்றன. அலைவின் மீடிறனை மாற்றியதொன்றே தகடுகளைத் தொண்ணூறு பாகை திருப்பப் போதுமானதாயிற்று. ஸ்டைரீன்–ஐசோப்பிரீன் பொருளிலோ, மிக உயர்ந்த மீடிறன்களில் மறுபடியும் சமாந்தர நிலையே வருதலை வேறு ஆய்வாளர் கண்டனர்.

இப்பொருளில் மாற்றம் எவ்வழியாக நிகழ்கின்றது என்பதை, முடிவில் மட்டுமன்றி நிகழும்பொழுதே காணுதற்குக் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் யூலியா கோர்ண்பீல்ட் குழுவினர் ஒளியைத் துணைக்கொண்டனர். ஒழுங்குபட்ட தகடுகளினூடே செல்லும் ஒளி இரட்டை முறிவுக்கு உட்படும். அம்முறிவை அளந்துகொண்டே பொருளைக் கொய்வதால், திட்டுக்கள் திரும்பும் கதையைக் கணந்தோறும் பின்தொடரலாம். 1995 இல் வெளிவந்த அவ்வாய்வின் ஆசிரியருள் ஒருவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இரசாயனப் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவிற் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற ரமணன் கிருஷ்ணமூர்த்தி ஆவர். பின்னாளில் அவர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார்.

இவ்வகை ஆய்வுகளால் அறியப்பட்டது யாதெனின், கொய்வு ஒரே வழியிற் றொழில் செய்வதில்லை என்பதாகும். சிலபொழுது திட்டுக்கள் முழுமையாகத் திரும்புகின்றன. சிலபொழுது ஓட்டத்துக்கு ஒவ்வாத திட்டுக்கள் சிதைந்து கரைய, ஒத்துநிற்கும் திட்டுக்கள் அவ்விடத்தைக் கைப்பற்றி வளர்கின்றன. சிலபொழுது தகடுகளின் ஓரங்களிலுள்ள பிழைகள் மெல்ல நகர்ந்து, ஒன்றையொன்று சந்தித்து மறைகின்றன. தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மிகமெதுவாகவும் ஒழுங்கு முற்றுப்பெறுவது இதனாலேயே.

காலமே அளவுகோல்

மெதுவான அலைவும் விரைவான அலைவும் வேறுவேறு விளைவு தருவானேன்? அடுக்களையில் விடை உண்டு. ரொட்டிக்குப் பிசைந்த மாவை உடனே இழுத்தால் அது சுருங்கி மீள்கின்றது. சற்றுநேரம் மூடிவைத்துப் பின் இழுத்தால் இழுத்தபடியே நிற்கின்றது. மாவினுள் இருக்கும் இழுவிசை தணிவதற்கு ஒரு காலம் வேண்டும். அது தளர்வு நேரம் எனப்படும். பல்பகுதியச் சங்கிலிக்கும் தகட்டுக்கும் திட்டுக்கும் தத்தமக்குரிய தளர்வு நேரங்கள் உள. சங்கிலி விரைந்து தளரும். தகடு அதனினும் மெதுவாக. திட்டு மிகமிக மெதுவாக.

வெளியிலிருந்து வரும் கொய்வின் காலத்தையும் பொருளின் தளர்வு நேரத்தையும் ஒப்பிடும் விகிதத்துக்கு, 1964 இல் மார்க்கஸ் றைனர் என்பார் டெபோரா எண் எனப் பெயரிட்டார். அவ்விகிதம் சிறிதாயின் பொருள் ஓட்டத்துக்கு விட்டுக்கொடுத்துத் தன் ஒழுங்கைத் தானே செப்பனிட்டுக்கொள்ள அவகாசம் பெறும். பெரிதாயின் அவகாசமின்றி இழுபடும். இரு துண்டங்களின் பிசுக்குமை வேறுபட்டிருப்பின், மெல்லிய பகுதி அதிகமாகச் சரிய, தடித்த பகுதி குறைவாகச் சரியும் என்பதும் இதனோடு சேரும். ஆகவே ‘கொய்வு தகட்டை எத்திசையில் நிறுத்தும்?’ என்னும் வினாவுக்கு, வேகத்தைக் கூறாது விடை கூறுதல் இயலாது.

ஓட்டம் ஒழுங்கைத் திருப்புவதோடு நில்லாது, அதனைப் பிறப்பிக்கவும் அழிக்கவும் வல்லது. ஒழுங்கு குலையும் எல்லைக்குச் சற்று மேலான வெப்பநிலையில், உருகலினுள் ஒழுங்கின் நிழல்கள் பலதிசையிலும் தோன்றித் தோன்றி மறைகின்றன. ஒன்றோடொன்று முரணும் அவ்வசைவுகளே ஒழுங்கு நிலைபெறாது தடுக்கின்றன. கொய்வு அவ்வசைவுகளை அடக்கிவிடின் உயர்ந்த வெப்பநிலையிலும் தகடுகள் தோன்றுதல் வேண்டும் என 1989 இல் கேற்ஸ், மில்னர் என்னும் இருவர் கோட்பாட்டளவிற் கூறினர். 1993 இல் மினசோட்டாக் குழுவினர் அது மெய்யெனப் பரிசோதனையாற் காட்டினர். ஆயினும், கோளங்கள் அடுக்குண்ட பொருளை மிகுவேகத்திற் கொய்தபோது அவ்வடுக்கு குலைவதும் காணப்பட்டது. அளவறிந்த ஓட்டம் ஆக்குகின்றது. அளவு கடந்த ஓட்டம் அழிக்கின்றது.

பயனும் படிப்பினையும்

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. 2004 ஆம் ஆண்டில் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், ஒரே அடுக்குக் கோல்களைக் கொண்ட மிகமெல்லிய துண்டப் பல்பகுதியப் படலத்தின்மேல் சிலிக்கன் இறப்பர்த் தட்டொன்றை வைத்து, வெப்பமேற்றி, ஒருபுறமாகத் தள்ளினர். அக்கோல்கள் கண்ணாற் காணத்தக்க பரப்பெங்கும் ஒரே திசையில் நிரைபட்டன. அந்நிரைகளை அச்சாகக்கொண்டு உலோகக் கம்பிகளை அமைத்து, ஒளியை முனைவாக்கும் நுண்வலைகளையும் பின்னர் ஆக்கினர். மனிதன் எந்த உளியாலும் எளிதிற் செதுக்க முடியாத நுண்மையை மூலக்கூறுகள் தாமே செதுக்குகின்றன. அவற்றுக்குத் திசை காட்டுவது மட்டும் ஓட்டத்தின் பணி.

அன்றாடப் பொருள்களில் இதன் மறுபுறம் தோன்றுகின்றது. உருகிய பொருள் பாதரட்சை அச்சினுட் பாயும்போது, அச்சின் சுவரை அடுத்த பகுதியில் வேகப் படித்திறன் மிகுதி. நடுப்பகுதியில் அது குறைவு. ஆதலின் மேற்பரப்பிலே கோல்கள் ஓட்டத் திசையில் நிற்க, உள்ளே அவை பலவாறாக நிற்கலாம். நீளவாட்டில் வலிதாகவும் குறுக்கே நலிவாகவும் ஓர் அடித்தோல் அமைவதற்கு இதுவே காரணமாகும். மூலப்பொருளிற் குற்றங் கண்டு அதனை மாற்றுவோர், உண்மையான காரணம் அச்சின் வாயில் அமைந்த இடத்திலும், பாய்ச்சலின் வேகத்திலும், ஆறவிட்ட காலத்திலும் இருத்தலை அறியாது போவர். வாயிலை இடம் மாற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம், இளஞ்சூட்டிற் சிறிதுநேரம் வைத்துக் கோல்கள் தளர இடமளிக்கலாம். இவற்றுள் எது தகும் என்பதை அறிவிப்பது மேற்கூறிய தளர்வு நேரமே.

இயற்கை இறப்பருக்கும் இப்பாடம் பொருந்தும். இயற்கை இறப்பரைப் பொலிப்புறொப்பிலீன் போன்ற பிளாத்திக்குடன் வலிய கொய்வின்கீழ்க் கலந்து, உருக்கி வார்க்கத்தக்க புதிய பொருள்கள் ஆக்கப்படுகின்றன. அங்கும் இறப்பர் எத்துணைச் சிறு துளிகளாக, எவ்வுருவில், எத்திசையில் நிற்கும் என்பதைக் கலக்கும் பொறியின் கொய்வே பெரிதும் வகுக்கின்றது. பாலைத் தாளாக்கி ஏற்றுமதி செய்வதோடு நிற்கும் நாட்டுக்கு மரத்தின் விலை மட்டுமே கிட்டும். ஓட்டத்தை ஆளும் அறிவுடைய நாட்டுக்கே முடிந்த பொருளின் விலை கிட்டும். ஹெனரத்கொடையில் நடப்பட்ட நாற்றுக்கள் இத்தீவுக்கு அளித்தது மூலப்பொருளை. அதன் மூலக்கூறுகளை வழிப்படுத்தும் கலையைக் கல்விக்கூடங்களும் ஆய்வுகூடங்களுமே அளித்தல் வேண்டும்.

கொய்வோட்டம் தன்னுள் ஒழுங்கில்லாத பொருளுக்கு நிலையான ஒழுங்கைக் கொடுப்பதில்லை. ஆற்றோட்டம் நீரைத் திருப்பி அடுக்குவதில்லை. நீரிற் கிடக்கும் குச்சியையே திருப்புகின்றது. துண்டப் பல்பகுதியத்தின் ஒழுங்கு அதன் மூலக்கூறுகளின் ஒவ்வாமையிலும் பிணைப்பிலும் பிறக்கின்றது. சிதறிக்கிடக்கும் அவ்வொழுங்கை ஒருமுகப்படுத்துவதும், தோன்றத் தயங்கும் ஒழுங்கைத் தோற்றுவிப்பதும், கடுமை மிகுந்தவிடத்து அதனைச் சிதைப்பதும் ஓட்டத்தின் செயல்கள். பொருளின் இயல்பான காலத்தை அறிந்து, அதற்கு இசைந்த வேகத்தில் அதனைச் செலுத்துவோருக்கே கோல்களும் தகடுகளும் வேண்டிய திசையில் நின்று பணிசெய்யும்.